பழைய டீசல் கார், நான்கு பாட்டில், 80,200 ரூபாய்

2023 ஜூலையில் ஈரோட்டில் ஒரு பழைய டீசல் கார் வாங்கினேன். 2013 மாடல், 1.3 லிட்டர் காமன் ரெயில் என்ஜின் (நான்கு சிலிண்டருக்கும் அழுத்தமேற்றிய டீசல் ஒரே பொதுக் குழாயிலிருந்து போகும் வகை), இரண்டாவது ஓனர், மீட்டரில் 98,000 கிலோமீட்டர், விலை 3,10,000. கம்பெனி பெயர் வேண்டாம், பத்து வருடம் ஓடிய வண்டிக்கு இன்றைக்கு அவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை, நடந்ததெல்லாம் வண்டியின் வயதும் என் அவசரமும் சேர்ந்து செய்தவைதான். அடுத்த 14 மாதத்தில் அந்த வண்டிக்குள் போட்டது 80,200 ரூபாய். வீட்டில் மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் மனைவி ஒன்று விடாமல் எழுதி வைத்திருக்கிறாள், நான் மறைக்க நினைத்தாலும் முடியாது.

ஏன் டீசல்? பெருந்துறைக்குத் தினமும் வேலைக்குப் போய்வர நாற்பது கிலோமீட்டர், மாதம் நான்கைந்து தடவை கோவை. மில்லில் மெயின்டனன்ஸ் வேலை, ஸ்பேனரும் மல்டிமீட்டரும் கைக்குப் பழக்கம், அதனால் பழைய வண்டி பயமில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அந்தத் தைரியம்தான் முதல் செலவு. இன்னொன்று, நான் வாங்கியபோது சந்தையில் 2012, 2013 மாடல் டீசல் வண்டிகள் கொட்டிக் கிடந்தன. அந்தக் காலத்தில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 20 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது, எல்லோரும் டீசல்தான் வாங்கினார்கள். 2014 அக்டோபரில் டீசல் மீதிருந்த விலைக் கட்டுப்பாட்டை அரசு எடுத்த பிறகு அந்த இடைவெளி சுருங்கிச் சுருங்கி 2023-ல் எட்டு ரூபாய் சொச்சத்தில் நின்றது. வண்டிகள் மட்டும் அப்படியே மிச்சமிருந்தன.

டெல்லி வண்டி ஒன்றும் காட்டினார்கள், இதைவிட ஒரு லட்சம் குறைவு. அங்கே பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது, அதனால் அப்போது கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். என்ஓசி என்கிற தடையில்லாச் சான்று, மறுபதிவு, இங்கே வரி என்று அலைய எனக்கு நேரமில்லை. தமிழ்நாட்டு வண்டியே போதும் என்று முடிவு செய்தேன். அதில் மட்டும் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டேன்.

வண்டி பார்க்கப் போனது காலை பத்தரை மணிக்கு. பானெட்டைத் திறக்கக் கை வைத்தபோதே சூடாக இருந்தது. புரோக்கர், "இப்பத்தான் தம்பி வாட்டர் வாஷுக்குப் போய்ட்டு வந்தோம்" என்றார். நானும் சரி என்றேன். குளிர்ந்த என்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதுதான் பழைய டீசலில் முதலில் பார்க்க வேண்டியது, அதைத்தான் அவர்கள் எனக்குக் காட்டாமல் விட்டார்கள் என்பது ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. பிரேக் பெடலில் புது ரப்பர், ஸ்டீயரிங்குக்குப் புதுக் கவர். ஆகா, என்ன பராமரிப்பு என்று நினைத்தேன். 98,000 ஓடிய வண்டிக்குப் பெடல் ரப்பர் எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை. என்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து புகை தள்ளுகிறதா என்று பார்த்தேனா என்றால் அதுவுமில்லை, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

வாங்கிய நான்காம் நாள் காலை. சாவியைத் திருப்பினால் செல்ஃப் அடிக்கிறது, அடிக்கிறது, ஏழெட்டு நொடி கழித்து ஒரு உதறலோடு ஸ்டார்ட் ஆகி வெள்ளைப் புகையைத் தெரு முழுக்கத் தள்ளியது. எதிர்வீட்டுப் பாட்டி மாடியில் காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சூடான பிறகு அப்படியொரு பிரச்சினையே இல்லை, தொட்டால் ஸ்டார்ட்.

தெருமுனைப் பட்டறை மெக்கானிக் அண்ணன் கேட்டவுடன் சொன்னார், "க்ளோ பிளக் தானுங்க தம்பி, நாலும் மாத்திரலாம்." நானும் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும், ஏனென்றால் க்ளோ பிளக்கின் வேலை குளிர்ந்த சிலிண்டரைக் கொஞ்சம் சூடேற்றிக் கொடுப்பது, டீசல் எரிவது காற்றை அழுத்துவதில் வரும் சூட்டில்தான். ஈரோட்டு ஜூலையில், விடியற்காலையிலும் வியர்க்கிற ஊரில், நான்கு க்ளோ பிளக்கும் செத்தே போயிருந்தாலும் நல்ல என்ஜின் இரண்டு சுற்றில் பிடித்துக்கொள்ளும். கழற்றுவதை மட்டும் ஒழுங்காகச் செய்தோம்: முதல் நாள் இரவே துருவிலக்கி எண்ணெய் அடித்து ஊறவைத்து, என்ஜினைச் சூடாக்கி, கொஞ்சம் தளர்த்திக் கொஞ்சம் இறுக்கி மெதுவாக எடுத்தோம். ஒடிந்து உள்ளே நின்றுவிட்டால் என்ஜினின் மேல்பாகமான ஹெட்டையே கழற்ற வேண்டிவரும். பிளக்கும் கூலியும் 3,600 ரூபாய். மறுநாள் காலை அதே ஏழெட்டு நொடி, அதே புகை, அதே பாட்டி.

அன்று மாலை கழற்றிய பழைய பிளக்குகளை மேசையில் வரிசையாக வைத்து மல்டிமீட்டரில் பார்த்தேன். 0.6, 0.7, 0.6, 0.8 ஓம். நான்கும் நல்ல நிலையில் இருந்தன. மில்லில் ஒரு மோட்டார் நின்றால் மெகரில் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) பார்க்காமல் வைண்டிங் போச்சு என்று யாராவது சொன்னால் நானே திட்டுவேன். இரண்டு நிமிட வேலை, பிளக்கைக் கழற்றாமலே, மேலிருக்கும் ஒயரை மட்டும் பிரித்தும் பார்த்திருக்கலாம். அந்த நான்கு பிளக்கும் இன்றைக்கும் என் டூல் பெட்டியில் கிடக்கின்றன.

அப்புறம் டீசல் ஃபில்டர். 1,100 ரூபாய். பழையதைச் சாய்த்தால் காபி டிகாக்‌ஷன் போல ஒன்று வந்தது, அடியில் தண்ணீர் திட்டுத்திட்டாக. எப்படியும் மாற்ற வேண்டியதுதான், அதனால் அதை வீண் என்று சொல்லமாட்டேன், ஆனால் ஸ்டார்ட்டிங் மாறவில்லை.

இந்த இடத்தில் மெக்கானிக் அண்ணன் செய்யப்போன ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். எந்த சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று பார்க்க, என்ஜின் ஓடும்போதே, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் போகும் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்க்க ஸ்பேனரை எடுத்துவிட்டார். பழைய லாரி, டிராக்டர் என்ஜினில் நாற்பது வருடமாகச் செய்யும் பழக்கம் அது. காமன் ரெயிலில் அந்தப் பைப்புக்குள் 1,000 பாருக்கு மேலும் அழுத்தம் ஏறும். ஊசி மாதிரி பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விட்டால் கட்டுப் போட்டு ஆறும் காயமல்ல, ஆபரேஷன் தியேட்டருக்குத்தான் போக வேண்டும். கையைப் பிடித்து நிறுத்தினேன். அவருக்குக் கொஞ்சம் கோபம்தான். "உங்களுக்குத் தெரிஞ்சா நீங்களே பாருங்க தம்பி" என்றார். சரி, பார்க்கலாம் என்று அடுத்த ஞாயிறு நானே உட்கார்ந்தேன்.

லீக் ஆஃப் டெஸ்ட் என்பார்கள். இன்ஜெக்டருக்குள் வரும் டீசலில் ஒரு பகுதி சிலிண்டருக்குள் பீய்ச்சப்படும், கொஞ்சம் மேலே இருக்கும் சின்ன ஹோஸ் வழியாக டேங்குக்கே திரும்பும். உள்ளே இருக்கும் வால்வு தேய்ந்துவிட்டால் திரும்புவது அதிகமாகும். செல்ஃப் அடிக்கும்போது பம்ப் மெதுவாகத்தான் சுற்றுகிறது, அது ஏற்றும் அழுத்தமெல்லாம் அந்த ஓட்டை வழியே போய்க்கொண்டே இருந்தால் ரெயிலில் தேவையான அழுத்தம் சேராது, சேராத வரைக்கும் என்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியு இன்ஜெக்டரைத் திறக்கவே திறக்காது. ஏழெட்டு நொடி செல்ஃப் அடித்ததன் அர்த்தம் அதுவாக இருக்கலாம். சூடானபின் ஏன் ஸ்டார்ட் ஆகிறது? சூட்டில் என்ஜின் இலகுவாக வேகமாகச் சுற்றுகிறது, அழுத்தம் எப்படியோ ஏறிவிடுகிறது, சிலிண்டரும் சூடாக இருக்கிறது.

வேண்டியது நான்கு ஒரே அளவு பாட்டில், நான்கு துண்டு ட்யூப். மெடிக்கலில் சலைன் ஏற்றும் செட் நான்கு வாங்கினேன், கடைக்காரர் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார், காருக்கு என்றேன். பழைய ரிட்டர்ன் ஹோஸ் செட் எப்படியும் காய்ந்து வெடித்துக் கிடந்தது, அதையே வெட்டி, இன்ஜெக்டர் மேல் மாட்டும் முனைகளை எடுத்து, அதில் சலைன் ட்யூபைச் சொருகிக் கம்பி கட்டினேன். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் நான்கை பானெட் பூட்டுப் பக்கம் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். ஒரு தப்பு செய்தேன்: டேங்குக்குப் போகும் மீதி ரிட்டர்ன் குழாயை அடைக்க மறந்துவிட்டேன், பம்பிலிருந்து வரும் ரிட்டர்னும் அதில்தான் சேர்கிறது, ஸ்டார்ட் செய்தவுடன் தரையெல்லாம் டீசல். ஒரு எட்டு எம்எம் போல்ட்டைச் சொருகி கிளாம்ப் போட்ட பிறகு சரியானது. மரத்தூள் போட்டும் வாசலில் அந்தக் கறை இன்னும் போகவில்லை.

ஐந்து நிமிடம் ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல், ஓடவிட்டேன். ஒன்றாம் பாட்டிலில் 18 மில்லி, இரண்டில் 21, நான்கில் 34. மூன்றாம் பாட்டிலில் 90-க்கு மேல். அளவுகோல் எதுவும் தேவையில்லை, தூரத்தில் நின்று பார்த்தாலே தெரிந்தது. என் பையன், எட்டாம் வகுப்பு, "அப்பா, மூணாவது தான் திருடன்" என்றான்.

ட்யூபை ஒழுங்காக ஓட்டுவதற்காக ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி வைத்திருந்தேன். பேட்டரிப் பக்கம் பார்த்து நின்ற அதன் முகத்தில், கழற்றினால் மட்டுமே தெரியும் இடத்தில், ஆயில் கடை ஸ்டிக்கர் ஒன்று. பால்பாயின்ட் பேனாவில் எழுதியது பாதி அழிந்திருந்தாலும் எண் நன்றாகத் தெரிந்தது. தேதி 2021 நவம்பர். அடுத்த ஆயில் மாற்றம் 1,72,000 கிலோமீட்டர்.

கொஞ்ச நேரம் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். 2021 கடைசியிலேயே ஒன்றரை லட்சம் தாண்டிய வண்டி என்றால் என்னிடம் வரும்போது இரண்டு லட்சத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். கதவுத் தூணில் இருந்த ஸ்டிக்கரையெல்லாம் சுரண்டியவர் இதை மட்டும் பார்க்கவில்லை. புரோக்கருக்குப் போன் செய்தேன். "அது வேற வண்டிப் பெட்டியா இருக்கும் தம்பி, பழசு மாத்திப் போட்டிருப்பாங்க" என்று நிதானமாகச் சொன்னார். அவருக்கு இப்படிப் பேசுவது புதிதல்ல என்பது குரலிலேயே தெரிந்தது. அப்புறம் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய்ப் பதிவெண்ணைச் சொன்னேன், கம்ப்யூட்டரைப் பார்த்து அங்கிருந்த பெண் சொன்னது: கடைசியாக வந்தது 2019-ல், அப்போதே 1,31,000. வாங்குவதற்கு முன்னால் போயிருந்தாலும் இதே பெண் இதையேதான் சொல்லியிருப்பார். புரோக்கரோடு மல்லுக்கட்ட நான் போகவில்லை. கையெழுத்துப் போட்ட பேப்பரில் "உள்ளது உள்ளபடி" என்று இருந்தது, அதைப் படித்துவிட்டுத்தான் போட்டிருந்தேன்.

இன்ஜெக்டரைக் கழற்றுவது அரை நாள். மூன்றாவதைச் சுற்றிக் கறுப்புத் தார் கட்டி நின்றது, அதுவும் ஒரு செய்தி: இன்ஜெக்டரின் அடியில் இருக்கும் செம்பு வாஷர் சரியாக உட்காராமல் சிலிண்டர் புகை மேலே கசிந்து, டீசலோடு சேர்ந்து கெட்டியாகியிருக்கிறது. ஐடிலில் உற்றுக் கேட்டால் "சுஃப் சுஃப்" என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது, அதை நான் வால்வுப் பக்கத்து டேப்பெட் சத்தம் என்று நினைத்திருந்தேன். மெக்கானிக் அண்ணன் சமாதானமாகி வந்துவிட்டிருந்தார். தாரைக் கரைக்க நாள் முழுக்க கிளீனர் ஊற்றி, இழுப்பான் போட்டு எடுத்தோம். பழைய வாஷரை நெருப்பில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மெத்தென்று ஆகிவிடும், திரும்பப் போடலாம் என்றார் அவர். செம்புக்கு அது உண்மைதான், ஆனால் இந்த இடத்தில் வாஷரின் கனம் மாறினால் இன்ஜெக்டர் நிற்கும் உயரமே மாறும். ஒரு வாஷர் 40 ரூபாய். புதுசே போடலாம்ணா என்றேன்.

இன்ஜெக்டர்களை நாமக்கல் கொண்டுபோனேன். லாரியும் ரிக் வண்டியும் டேங்கரும் நிறைந்த பக்கம் அது, டீசல் பம்ப், இன்ஜெக்டர் வேலைக்கு ஆள் தேட வேண்டியதில்லை. போகும் முன் ஒவ்வொன்றிலும் பெயின்டால் 1, 2, 3, 4 என்று எழுதினேன், தலையில் பொறித்திருக்கும் குறியீட்டை மொபைலில் போட்டோவும் எடுத்தேன். எடுத்தது நல்லதாகப் போயிற்று, அங்கே ஒரு பையன் வாங்கியவுடன் நான்கையும் சால்வென்டில் முக்கிப் பளபளவென்று கழுவிக் கொண்டுவந்து வைத்தான். பெயின்ட் போன இடம் தெரியவில்லை.

டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி ஐடில், ஃபுல் லோடு, ரிட்டர்ன் எல்லாம் தனித்தனியாகப் பார்த்துச் சீட்டு கொடுத்தார்கள். மூன்றாவதில் ரிட்டர்ன் எல்லை தாண்டியிருந்தது, என் தண்ணீர் பாட்டில் சொன்னதையேதான் அந்த மெஷினும் சொன்னது. நான்காவதில் ஐடிலில் வரவேண்டிய அளவு வரவில்லை. மற்ற இரண்டும் தேறின. பெரியவர் ஒருவர்தான் முதலாளி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்து, "நாலையும் செஞ்சுட்டா நிம்மதிங்க, இல்லீனா ஒண்ணொண்ணா வருவீங்க" என்றார். நியாயமான பேச்சுதான், ஆனால் சீட்டில் பாஸ் என்று இருப்பதற்கு எதற்கு 13,000? இரண்டுக்கு மட்டும் வால்வும் நாசிலும் மாற்றச் சொன்னேன். ஒன்றுக்கு 6,500 வீதம் 13,000, டெஸ்ட்டுக்கு 1,200, வாஷரும் புது ரிட்டர்ன் ஹோஸ் செட்டும் 1,000. ஊரில் மாட்டுக்கூலி 2,500. ஸ்கேனரில் குறியீடு ஏற்ற 800. மொத்தம் 18,500. இந்தக் குறியீட்டு விஷயத்தைப் பல பட்டறைகளில் விட்டுவிடுகிறார்கள்: ஒவ்வொரு இன்ஜெக்டரும் மயிரிழை வித்தியாசத்தில் பீய்ச்சும், அந்த வித்தியாசத்தைத்தான் தலையில் குறியீடாகப் பொறித்திருப்பார்கள், எந்த சிலிண்டரில் எது உட்கார்ந்திருக்கிறது என்று ஈசியுவுக்குச் சொல்லவில்லை என்றால் ஐடிலில் நடுங்கிக்கொண்டே இருக்கும்.

மறுநாள் காலை ஆறு மணி. ஒரே சுற்றில் ஸ்டார்ட். புகையில்லை. நான் சின்னப் பையன் போல மூன்று தடவை நிறுத்தி நிறுத்தி ஸ்டார்ட் செய்தேன். ஆயில் கேஜை உருவிப் பார்த்தபோது மட்டும் லெவல் மேல்கோட்டுக்கு மேலே நின்றது, முகர்ந்தால் டீசல் வாடை, கெட்ட இன்ஜெக்டரிலிருந்து எரியாமல் இறங்கிய டீசல் என்ஜின் ஆயிலில் கலந்திருந்தது. தாமதிக்காமல் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினேன், 3,200.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். என்ஜினுக்கு முழுப் பலம் திரும்பி வந்ததும், அதுவரை அந்தப் பலத்தைத் தாங்க வேண்டியிராத மற்ற உறுப்புகள் ஒவ்வொன்றாக விழுந்தன. முதலில் கிளட்ச். பண்ணாரி கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே திம்பம் ஏறி ஆசனூர் வரைக்கும் போகலாம் என்று கிளம்பினோம். 27 கொண்டை ஊசி வளைவு. எட்டாவது வளைவிலோ ஒன்பதாவதிலோ ஆக்சிலேட்டரை மிதித்தால் ஆர்பிஎம் முள் சர்ரென்று ஏறுகிறது, வண்டி ஏறவில்லை, கரிந்த தேங்காய் நார் மாதிரி ஒரு வாடை. ஓரமாக நிறுத்தி ஆறவிட்டு, இரண்டாம் கியரிலேயே மெதுவாக ஏறினோம். மனைவி எதுவும் பேசவில்லை. மேலே போய் டீக்கடையில் உட்கார்ந்த பிறகுதான் கேட்டாள், "ஏனுங்க, டீசல் மிச்சம்னு சொல்லித்தானே வாங்குனீங்க?"

கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தால் கிளட்ச் பிளேட் ரிவெட் வரைக்கும் தேய்ந்திருந்தது. கிளட்ச் பிளேட் ஒட்டிச் சுற்றும் ஃப்ளைவீல் சாதாரண ஒற்றைத் தட்டுதான், டூயல் மாஸ் என்கிற இரட்டைத் தட்டு இல்லை, அந்த மட்டில் பிழைத்தேன், அதுவும் போயிருந்தால் கணக்கே வேறு. நீலம் பாய்ந்த இடத்தை எமரி போட்டுத் தேய்த்தோம். பிளேட்டும் பிரஷர் பிளேட்டும் 8,900, கூலி 3,800. பெடலை மிதித்தால் கிளட்சை விடுவிக்கும் ஹைட்ராலிக் ரிலீஸ் பேரிங் 3,100 ரூபாய். கையில் சுற்றிப் பார்த்தேன், சத்தமில்லாமல் சுற்றியது. டெஸ்ட் செய்தேன், நன்றாக இருக்கிறது, வேண்டாம் என்றேன். க்ளோ பிளக்கில் பட்ட பாட்டுக்குப் பிறகு டெஸ்ட் செய்தால் போதும் என்ற எண்ணம் கொஞ்சம் தலைக்கேறியிருந்தது. அந்த பேரிங்கில் போவது பேரிங் மட்டுமல்ல, உள்ளே ரப்பர் சீல் ஒன்று இருக்கிறது, அதன் வயதைக் கையால் சுற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

நான்கு மாதம். பிரேக் ஆயில் டப்பாவில் லெவல் இறங்கிக்கொண்டே வந்தது, பிரேக் பேட் தேய்கிறது என்று நினைத்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். இந்த வண்டியில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டப்பா. ஒருநாள் காலை பெருந்துறை சிக்னலில் கிளட்ச் பெடல் மிதித்த இடத்திலேயே படுத்துவிட்டது, கால் விரலால் தூக்கினால்தான் வருகிறது. சீல் கிழிந்து, கசிந்த ஆயில் நான்கு மாதப் புதுப் பிளேட்டை நனைத்திருந்தது, அதைக் கழுவிப் போடுவது காலத்துக்கும் நிற்காது. மறுபடியும் கியர்பாக்ஸ் இறங்கியது. பேரிங் 3,100, பிளேட் மட்டும் 3,400, பிரேக் ஆயில் 300, கூலியில் மெக்கானிக் அண்ணன் 800 குறைத்துக்கொண்டு 3,000 வாங்கினார். 9,800. முதல் தடவையே 3,100 கொடுத்திருந்தால் மீதி 6,700 கையில் இருந்திருக்கும். "அன்னைக்கே சொன்னேனுங்களே தம்பி" என்று அவர் சொல்லவே இல்லை. அதற்காகவே இன்றும் அவரிடம்தான் போகிறேன்.

அடுத்தது புல்லிங் குறைந்து கறுப்புப் புகை. கோவையில் தெரிந்த ஒருவரின் பட்டறையில் காட்டினால், என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ போயிருச்சு, மாற்ற 28,000 என்றார்கள். இந்தத் தடவை ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். ஆறிய என்ஜினில் டர்போவின் வாய்க் குழாயைக் கழற்றி, உள்ளே இருக்கும் விசிறியின் நுனியை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். பக்கவாட்டில் மிகக் கொஞ்சம் ஆட்டம், அது ஆயில் படலத்தில் மிதக்கும் தண்டு, இருக்கத்தான் செய்யும். முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டமில்லை, இறக்கைகள் எங்கும் உரசிய தடமில்லை. அப்படியானால் டர்போ அழுத்தும் காற்று வழியில் எங்கோ போகிறது. பையனை ஆக்சிலேட்டரில் உட்காரவைத்து, ஒவ்வொரு ஹோஸாகச் சோப்புத் தண்ணீர் அடித்துக்கொண்டே போனேன். அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸின் அடி வளைவில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், நுரை பொங்கியது. கை வைத்தால் ஒரு விரல் நீளத்துக்குப் பிளவு, சுற்றிலும் ஆயில் பிசுக்கில் புழுதி ஒட்டிக் கிடந்தது. அளந்து உள்ளே விட்ட காற்று வழியில் கசிந்துவிட, டீசல் மட்டும் முழு அளவில் வருவதால்தான் கறுப்புப் புகை. புது ஹோஸ் 1,450 ரூபாய். சென்னை புதுப்பேட்டையில் பழசு பாதி விலைக்குக் கிடைக்கும் என்றார்கள், ரப்பர் சாமானைப் பழசில் வாங்குவதில் எனக்கு நம்பிக்கையில்லை.

கழற்றியது கழற்றியதுதான் என்று புகையில் ஒரு பகுதியைத் திரும்ப என்ஜினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வையும் எடுத்துச் சுத்தம் செய்தேன். கிளீனர் இரண்டு டின், ஒரு கேஸ்கெட், 950 ரூபாய், ஒரு சனிக்கிழமை மதியம். உள்ளே விரல் கனத்துக்குக் கரி. தகடு வெட்டி அடைத்துவிடுங்கள், தொல்லையே இருக்காது என்று சொல்ல ஒரு கூட்டமே இருக்கிறது. அடைத்தால் புகைக்குழாயிலிருந்து வரும் நைட்ரஜன் ஆக்சைடு கூடும், பல வண்டிகளில் என்ஜின் விளக்கும் எரியும். சுத்தம் செய்து திரும்பவே மாட்டினேன்.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சஸ்பென்ஷனில் லோயர் ஆர்ம், லிங்க் ராடு, முன்பக்க ஷாக், எல்லாம் சேர்த்து 11,300. டயர் நான்கும் 17,600. டயரில் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் புடைப்பு, நன்றாக இருந்தது, அதைப் பார்த்து ஏமாந்தேன். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். என்னுடையதில் 1417, அதாவது 2017-ன் 14-ஆம் வாரம். ஆறு வருட ரப்பர், ஓரமெல்லாம் மயிர் வெடிப்பு.

எரிபொருள் கணக்கையும் போட்டுப் பார்த்தேன், மனைவி கேட்டதற்கு ஏதாவது பதில் சொல்ல வேண்டுமே. 14 மாதத்தில் 17,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 20 கொடுத்தது, 850 லிட்டர் டீசல், 94 ரூபாய் வீதம் 79,900. இதே அளவு பெட்ரோல் வண்டி 16 கொடுக்கும் என்று வைத்தால் ஏறக்குறைய 1,062 லிட்டர், 103 வீதம் 1,09,400 சொச்சம். மிச்சம் 29,500. டயரும் சஸ்பென்ஷனும் எந்தப் பழைய வண்டிக்கும் வருவதுதான், அந்த 28,900-ஐக் கழித்துவிட்டாலும் ரிப்பேர் 51,300 நிற்கிறது. கிளட்சையும் கழித்தால் 28,800. அதாவது மிகவும் இரக்கத்தோடு கணக்குப் போட்டால் சரிக்குச் சரி வருகிறது என்று நோட்டைக் காட்டினேன். "700 ரூபா லாபம்" என்று பென்சிலால் எழுதி அடிக்கோடிட்டு வைத்திருக்கிறாள்.

இப்போது புதிதாக ஒன்று. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் இரண்டு நொடி, என்ஜினின் பெல்ட் பக்கத்திலிருந்து கலகலவென்று சங்கிலி ஆடும் சத்தம், அப்புறம் இல்லை. இந்த என்ஜினில் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்க டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது, அழுத்தம் ஏறும் வரைக்கும் தொய்வாக இருக்கும். மெக்கானிக் அண்ணன் செயின் கிட்டும் கூலியும் 22,000 ஆகும் என்கிறார். செயின் நீண்டிருக்கலாம், டென்ஷனர் மட்டும் போயிருக்கலாம், ஆயில் அழுத்தம் ஏறவே தாமதமாகலாம், ஆயில் ஃபில்டரில் இருக்கும் திரும்பாவால்வு கூடக் காரணமாக இருக்கலாம். சங்ககிரியில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் ஆயில் பிரஷர் கேஜ் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், பஸ்ஸில் போய் வாங்கி வரப் போகிறேன்.